தோப்பில் வளரும் புள்ளிமான் குட்டி: வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள வழக்கறிஞர்களுக்கும் வனத்துறையில் பணியாற்றியவர்களுக்கும் வணக்கம்.

அழகர்கோயில் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தாய்மாமா தோப்பில், நாய்கள் விரட்டி வந்த புள்ளிமான் குட்டி ஒன்று சில வாரங்களாக வெள்ளாடுகளோடு வளர்கிறது. கிழிந்த இடது காது ஆறிவிட்டது, புட்டிப்பாலை முட்டி முட்டிக் குடிக்கிறது. நியூசிலாந்தில் 1969 முதல் மான் பண்ணைகள் சட்டப்படி நடப்பதைக் காணொளியில் பார்த்த மாமா, இதற்கொரு சோடி சேர்த்துப் பெருக்கலாம் என்கிறார். அங்கே அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்கு என்பதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. டெக்சாஸில்கூட, உரிமம் பெற்று வளர்க்கும் வெண்வால் மான் மக்கள் சொத்தாகவே கருதப்படுகிறது. நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி இத்தகைய விலங்கு அரசின் சொத்து. அது கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

ஆகவே, தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்மீது நடைமுறையில் வழக்குப் பதிவார்களா, மதுரையில் முதலில் வனச்சரகரை அணுகுவதா, மாவட்ட வன அலுவலரையா, எழுத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மனிதரிடம் பழகிய குட்டியைக் காட்டில் விடுவார்களா என்பதையும் சொன்னால், அத்தையைச் சமாதானப்படுத்த உதவும்.