மாமனாருக்கு அஸித்ரோமைசின் மூன்றே நாள்: போதுமா?

சிப்புட் மருமகள்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மாமனாருக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் விடவில்லை. டவுன் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரலில் கிருமித் தொற்று என்றார்கள். அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, மூன்று நாள், அவ்வளவுதான். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். முன்பெல்லாம் ஒரு வாரத்துக்குக் கொடுப்பார்களே என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. இன்னொரு அட்டை வாங்கித் தொடரலாமா? இரவில் கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறார்.

பழைய டிரசர்:
அம்மா, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று நாள் என்பது விழுங்கும் கணக்கு. மருந்து வேலை செய்யும் கணக்கு வேறு. அஸித்ரோமைசின் நுரையீரல் திசுவிலும் வெள்ளை அணுக்களிலும் போய்ச் சேர்ந்துகொள்ளும். உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் பிடிக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் உள்ளே இருந்து வேலை பார்க்கும். நீங்களாக இன்னொரு அட்டை வாங்கவே வேண்டாம். சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் கொடுக்கவும் கூடாது.

பென்சிலின் ஆகாதவர்களுக்கான மாற்று மருந்து மட்டும்தான் இது என்றும் நினைக்காதீர்கள். பென்சிலின் கிருமியின் சுவரைக் குலைக்கும். நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் சுவரே கிடையாது, அங்கே பென்சிலினுக்கு வேலையில்லை. அஸித்ரோமைசின் சேர்ந்த மாக்ரோலைடு குடும்பத்து மருந்துகள் கிருமி புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். கக்குவான் இருமலுக்கும் இவைதாம் முதலில் கொடுக்கப்படும். வைரஸ் காய்ச்சலிடம் மட்டும் இவற்றின் ஜம்பம் பலிக்காது.

இன்னொன்று. அவர் செம்பனையில் வேலை செய்பவரா? அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருந்தால் ஸ்கிரப் டைபஸாக இருக்கலாம். புல் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. வெட்கப்பட்டு இடுப்பைக் காட்டாமலே லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முதல் மருந்து டாக்சிசைக்ளின்; கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்பார்கள்.

மருந்தாளர் அக்கா:
சிம்வாஸ்டாட்டினோடு இதே குடும்பத்து எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் சேரவே கூடாது. அவை சிம்வாஸ்டாட்டினைக் கல்லீரலில் சிதையவிடாமல் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்; தசையும் அதைத் தொடர்ந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அஸித்ரோமைசினில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். இதய மருந்து ஏதாவது சாப்பிட்டால் இப்போதே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். வயிற்றெரிச்சலுக்கு வெள்ளைத் தண்ணீர் மருந்து குடிப்பவரானால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

சிப்புட் மருமகள்:
ஐயா, அக்கா, மிக்க நன்றி. செம்பனைக் குலை வெட்டுபவர்தான். என் கணவர் பார்த்துவிட்டார், பொருக்கு இல்லை. இதய மருந்தும் இல்லை. காய்ச்சல் எப்போது இறங்கும்?

பழைய டிரசர்:
இரண்டு மூன்று நாளில் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால் அதே கிளினிக்கில் மறுபடி காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்க்கும் சளியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.