தெற்காசியவியல் பேராசிரியர்கள் நம்ம சீமையைப் பற்றி என்ன செய்திருக்கிறார்கள்?

பாளை மாணவன்:
எங்கள் தமிழ்த்துறை நோட்டீஸ் போர்டில் ஒரு சார்ட் ஒட்ட வேண்டும். தெற்காசியவியல் பேராசிரியர்கள் சமீபத்தில் என்ன எழுதினார்கள், என்ன விருது வாங்கினார்கள் என்று திரட்டச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். தேடினால் பெயரும் பட்டமும் பதவியுமாக வருகிறது, இரண்டு வரி படித்தாலே கொட்டாவி. சார்ட்டைப் பார்க்கப்போவது முக்கூடலிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள். அவர்கள் ஒரு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டாமா? நம்ம ஊர்ப்பக்கத்தோடு ஒட்டுறவு உள்ளதாக ஏதாவது சொல்லுங்கள், மொழிபெயர்ப்பு, கலை எதுவானாலும் சரி.

துறைமுகத்தான்:
தம்பி, தூரமாகப் போகவே வேண்டாம். 2024-க்கான தமிழ் சாகித்திய அகாதமி விருது ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு. புத்தகத்தின் பெயரே ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர், சிகாகோவிலும் பாடம் நடத்தியிருக்கிறார், நம்ம மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இருந்திருக்கிறார். அந்த வருஷம் மார்ச் 12 வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்கிறார்கள், மறுநாள் திருநெல்வேலியில் கடையெல்லாம் அடைப்பு, நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ் என்று தீ வைத்துவிட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இங்கே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் கம்பெனி கதையை 2023-ல் ‘ஸ்வதேசி ஸ்டீம்’ என்று ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார். சார்ட்டில் 1908 என்று பெரிதாக எழுது, நிற்பார்கள்.

குருகூர்க்காரி:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் எங்கள் ஊர் நம்மாழ்வாரை விட்டுவிடாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருக்கும் அர்ச்சனா வெங்கடேசன், அவருடைய திருவாய்மொழி முழுவதையும், 1102 பாசுரத்தையும், ஆங்கிலக் கவிதையாக்கி 2020-ல் ‘எண்ட்லெஸ் சாங்’ என்று வெளியிட்டார். 2021-ல் அதற்கு லூசியன் ஸ்ட்ரிக் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஏ.கே. ராமானுஜன் பெயரிலுள்ள பரிசும் வாங்கியிருக்கிறார், அந்த ராமானுஜனே சிகாகோவில் இருந்துகொண்டு நம்மாழ்வாரை மொழிபெயர்த்தவர்தான்.

என்னைக் கேட்டால் இது ஆய்வைவிடக் கலை. திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு ‘பிறந்தார் உயர்ந்தே’ என்று முடியும், முதல் பாட்டோ ‘உயர்வற உயர்நலம்’. அதாவது முடிந்த இடத்திலேயே மறுபடி ஆரம்பம். இதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது என்ன பாடு! மார்கழியில் ஆழ்வார்திருநகரிக்கு வந்து பாருங்கள், பாசுரத்தைப் பாடி அபிநயிக்கிற அரையர் அந்தக் கூம்புக் குல்லாயோடு கைத்தாளம் தட்டி நிற்கும்போது, எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற எனக்கே புல்லரிக்கும்.

வில்லடி ரசிகன்:
எல்லாம் சரி. புத்தகம் எங்கே கிடைக்கும்? எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டேன், பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள், எழுதிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அப்புறம், சமீபத்தியது மட்டும்தான் சாதனையா? திருநெல்வேலி விவசாயத்தை நஞ்சை, புஞ்சை, இரண்டும் கலந்தது என்று பிரித்துவைத்து வரலாறு எழுதிய டேவிட் லடனின் புத்தகம் 1985. வில்லுப்பாட்டைப் பற்றி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதியது 1988. விருது செய்தி நாலு நாளில் பழசாகிவிடும், இதையெல்லாம் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. ஆய்வு செய்தவர் பெயர் அட்டையில் வரும், பாடிக்கொடுத்த புலவர் பெயர் உள்ளே பொடி எழுத்தில் கிடக்கும். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் பத்தி, அதான் தட்டுகிற மட்டை, விழுகிற சத்தத்தை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது தம்பி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்தால்தான் உண்டு.

பாளை மாணவன்:
அக்கா, அந்தாதி விஷயம் அருமை, சார்ட்டை வட்டமாகவே வரைந்து கடைசிப் பாட்டை முதல் பாட்டோடு சேர்த்துவிடுகிறேன். 1908 நடுவில். வில்லடி அண்ணாச்சி, புலவர்கள் பெயரைப் பெரிய எழுத்திலேயே போடுகிறேன், ஆனால் எனக்கு ஒருவரையும் தெரியாது. உங்கள் ஊர்க் கொடை எப்போது?

வில்லடி ரசிகன்:
சித்திரை கடைசிச் செவ்வாய். ராத்திரி பத்துக்கு மேல்தான் வில் வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வா. பெயரைப் புலவரிடமே கேட்டு எழுதிக்கொள், நான் சொல்லி நீ தப்பாக எழுதினால் என்னைத்தான் ஏசுவார்.