லக்ஷ்மியின் வேத காலக் கதை: தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பாற்கடலில் இருந்து தோன்றிய லக்ஷ்மி கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தையது.

வேள்விகளை விளக்கும் வேத நூலான சதபத பிராமணத்தில் (11.4.3) ஒரு விசித்திரமான கதை. படைப்புக் கடவுளான பிரஜாபதி தவம் செய்து களைத்திருக்கும்போது அவரிடமிருந்து ஸ்ரீ (இன்று லக்ஷ்மிக்கே இன்னொரு பெயர்) வெளிப்படுகிறாள், ஒளிர்ந்தபடி, நடுங்கியபடி. தேவர்களுக்கு அவள்மேல் ஆசை. கொன்று பறித்துக்கொள்ளலாமா என்கிறார்கள். பெண்ணைக் கொல்லக் கூடாது, உயிரோடு விட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் பிரஜாபதி (நல்ல நியாயம்தான்!). அக்னி உணவை எடுக்கிறான், சோமன் அரசை, இந்திரன் பலத்தை. இப்படிப் பத்துப் பேர். பிறகு அவர்களுக்கே வேள்வி செய்து அவள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறாள். இதில் விஷ்ணுவும் இல்லை, தாமரையும் இல்லை.

அதர்வ வேதத்திலோ (7.115) லக்ஷ்மிகள் பல. நல்லவை இருக்கட்டும், கெட்டவை பறந்து போகட்டும் என்று விரட்டுகிறார்கள். சுக்ல யஜுர் வேதத்தின் புருஷ சூக்தத்தில் ஸ்ரீயும் லக்ஷ்மியும் புருஷனின் இரண்டு மனைவியர். நம் பக்கம் ஓதும் தைத்திரீய (கிருஷ்ண யஜுர் வேத) பாடத்தில் அங்கே ஸ்ரீ இல்லை, ஹ்ரீ (நாணம்).

ஸ்ரீ, லக்ஷ்மி என்ற இந்த இருவரும் எப்போது ஒருத்தி ஆனார்கள்? ரிக் வேதப் பிற்சேர்க்கையான ஸ்ரீ சூக்தத்தில் இரண்டு பெயரும் ஒருத்திக்கே வருவதுபோல் தெரிகிறது. அதற்கு முன்பே எங்காவது அப்படி உண்டா? சமஸ்கிருதம் படித்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சதபத பிராமணத்தின் இந்தப் பகுதிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருந்தால் பதிப்பு விவரம் மட்டும் போதும்.