உபுண்டு, மேக், ஃப்ரீபிஎஸ்டி மூன்றிலும் ஒரே பாத்: எந்த ஃபைலில் எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை_அச்சு:
வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடிப்போம். ஃபைல் பெயர்களும் அப்படித்தான், பாதி தமிழ், பாதி மலையாளம். கடையில் உபுண்டு, வீட்டில் மேக்புக், பேக்கப்புக்கு ஒரு பழைய ஃப்ரீபிஎஸ்டி மெஷின்.

என் ஸ்கிரிப்ட் ஃபோல்டரை பாத்தில் (கமாண்டுகளை சிஸ்டம் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்க உபுண்டுவில் டாட் பேஷ்ஆர்சியில் ஒரு எக்ஸ்போர்ட் வரி போட்டிருக்கிறேன், ஓடுகிறது. அதே ஃபைலை மேக்கில் வைத்தால் எரரும் இல்லை, பலனும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டாக (அட்மினாக) நுழைந்து அந்த வரியை அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. அங்கே எல்எஸ் போட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். மூன்றுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுத வழி உண்டா?

செங்கோட்டை_சர்வர்:
உண்டு அண்ணாச்சி. மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா முதல் புது யூசருக்கு இஸட்எஸ்ஹெச்தான் ஷெல் (உபுண்டுவின் பேஷ் மாதிரி, நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் நிரல்). அது பேஷ்ஆர்சியைத் தொடவே தொடாது. ஃப்ரீபிஎஸ்டியில் 14-ஆம் பதிப்புக்கு முன்பு ரூட்டுக்கு சிஎஸ்ஹெச். அதற்கு எக்ஸ்போர்ட் தெரியாது, செட்என்விதான். அதற்காக இரண்டு விதமாக எழுத வேண்டாம். ரூட்டில் வேலை பார்க்காமல் தனி யூசர் வைத்து, அவருக்கு எஸ்ஹெச் ஷெல் கொடுங்கள்.

அப்புறம் பாத் மாதிரியான எல்லா மாறிகளையும் டாட் ப்ரொஃபைலில் போடுங்கள். பேஷுக்கு மட்டுமே உரிய சங்கதி எதுவும் அதில் வேண்டாம். உபுண்டுவிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் லாகின் ஆகும்போது அது தானாகவே படிக்கப்படும். உபுண்டுவில் டாட் பேஷ்_ப்ரொஃபைல் என்று ஒரு ஃபைல் கிடந்தால் பேஷ் அதைப் படித்துவிட்டு இதை விட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். மேக்கில் அதைப் படிக்கச் சொல்லி டாட் இஸட்ப்ரொஃபைலில் ஒரே வரி: ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, டாட் ப்ரொஃபைலின் முழு முகவரி. பலர் டாட் இஸட்எஸ்ஹெச்என்வியில் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதற்குப் பிறகு பாத்_ஹெல்பர் என்ற ஆப்பிளின் நிரல் ஓடி, சிஸ்டம் ஃபோல்டர்களை முன்னால் கொண்டுவந்து உங்களுடையதைப் பின்னால் தள்ளிவிடும்.

ஹோம்ப்ரூ (மென்பொருள் நிறுவும் கருவி) மாதிரி மேக்குக்கு மட்டும் வேண்டியதை, எந்த சிஸ்டம் என்று சொல்லும் யூநேம் -எஸ் கேட்டு, பதில் 'டார்வின்' என்றால் மட்டும் சேர்க்கும்படி ஒரு கேஸ் நிபந்தனை போடுங்கள்.

கேள்விக்குறிக்குக் காரணம் லேங், அதாவது மொழி, எழுத்து முறை அமைப்பை (லொகேல்) சொல்லும் மாறி. யூடிஎஃப்-8 உள்ள லொகேல் எதுவானாலும் இரண்டு மொழியும் தெரியும். லொகேல் -ஏ காட்டும் பட்டியலில் இருக்கும் பெயரையே, எழுத்து பிசகாமல் கொடுங்கள்.

குப்பம்_லினக்ஸ்:
சர்வர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பேக்கப் க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓடுகிறதா? க்ரான் இந்த ஃபைல்கள் எதையும் படிக்காது. பாத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். க்ரான்டேப் (க்ரானின் வேலைப் பட்டியல்) மேலே பாத் வரி எழுதலாம், ஆனால் அங்கே டாலர் ஹோம் (உங்கள் யூசர் ஃபோல்டரைக் குறிக்கும் மாறி) விரியாது, முழு முகவரி வேண்டும். லினக்ஸில் யூசர் ஃபோல்டர் ஹோமுக்குள், மேக்கில் யூசர்ஸுக்குள். அதைவிட ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக டாட் ப்ரொஃபைலைப் புள்ளி போட்டு இழுத்துவிடுங்கள் அண்ணா. மூன்று மெஷினுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் போதும்.

கொழிஞ்சாம்பாறை_அச்சு:
இருவருக்கும் நன்றி. புது யூசரில் எல்எஸ் போட்டதும் 'கும்பாபிஷேக நோட்டீஸ்' முழுசாகத் தெரிந்தது, மலையாளப் பெயர்களும் அப்படியே. மேக்கிலும் பாத் வந்துவிட்டது. பேக்கப் க்ரானில்தான் ஓடுகிறது. ஸ்கிரிப்ட்டில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். ராத்திரி ஓடியதும் லாகைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.