லீகலிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

இறையியல் சொற்பட்டியலில் 'லீகலிசம்' (விதிகளைக் கைக்கொண்டால்தான் கடவுள் ஏற்பார் என்ற போக்கு) என்பதற்கு நேரே இன்னும் காலியாகக் கிடக்கிறது. சட்டவாதம், நியாயப்பிரமாணவாதம் (நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் சட்டம்), பரிசேயத்தனம் (பரிசேயர் என்போர் அச்சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய யூதப் பிரிவினர்) ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதலாவது போதும் என்பது என் எண்ணம். ஆளைக் குறிக்கச் சட்டவாதி எனலாம்.

---

> ஆளைக் குறிக்கச் சட்டவாதி எனலாம்.

வேண்டாம் ஐயா. வாதி என்றால் வழக்குப் போட்டவர். சட்டவாதி என்றதும் வக்கீல்தான் நினைவுக்கு வருவார். அதைவிடப் பெரிய இடைஞ்சல், வாதம் என்பது ஒருவர் வாய்விட்டு ஆதரிக்கும் கொள்கை. லீகலிசத்தை யார் கொள்கையாக அறிவிக்கிறார்கள்? 'கிருபையினாலே இரட்சிப்பு' என்று பாடி முடித்த கையோடு, கம்மலைக் கழற்றாத பெண்ணுக்கு ஞானஸ்நானம் இல்லை என்பார்கள். அந்தியோகியாவில் பேதுருவும் உபதேசத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் புறஜாதியாரின் (யூதரல்லாதவரின்) பந்தியை விட்டு விலகினார், அவ்வளவுதான். பவுல் முகத்துக்கு முன்பாக எதிர்த்தது அதைத்தான் (கலாத்தியர் 2:11-14).

பரிசேயத்தனமும் சரிப்படாது. தமிழ்க் காதுக்கு அது வெளிவேஷம். லூக்கா 18இல் வரும் பரிசேயன் பொய் சொன்னதாக உவமை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம்: செய்ததைத்தான் சொல்கிறான். அந்தக் கணக்கைக் கடவுளிடம் நீட்டியதுதான் கோளாறு. தவிர, இச்சொல் ஒரு சமயத்தையே இழிவுபடுத்துகிறது. பழைய யூதச் சிந்தனையில் உடன்படிக்கைக்குள் சேர்ப்பது இறைவனின் தெரிவு, சட்டம் அதற்குள் நிலைத்திருப்பதற்கு என்று விவிலிய அறிஞர் இ. பி. சாண்டர்ஸ் 1977இல் விரிவாக வாதிட்ட பிறகாவது நாம் கவனமாக இருக்கலாம்.

நியாயப்பிரமாணவாதம் சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. 'நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளதுதான்' என்று எழுதியவர் பவுல் (ரோமர் 7:12). அவர் காலத்துக் கிரேக்கத்தில் லீகலிசத்துக்கு ஒரு சொல்லே கிடையாது என்று 1964இல் விவிலிய அறிஞர் கிரான்ஃபீல்டு சுட்டினார். ஆகவே பழைய சொல்லைத் தேடிப் பயனில்லை, புதிதாகத்தான் ஆக்க வேண்டும்.

என் பரிந்துரை சட்டச்சார்பு. குறை சட்டத்தில் இல்லை, அதன்மேல் சாய்ந்து நிற்பதில் இருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'லெந்து நாள்களில் இறைச்சியைத் தவிர்ப்பது சட்டச்சார்பு அன்று; தவிர்க்காதவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினால் சட்டச்சார்பு.'

---

சார்பு நல்ல தேர்வு. சட்டம்தான் உதைக்கிறது. கம்மலைக் கழற்று என்று மோசேயின் சட்டம் எங்கே பொதுவிதி வைத்தது? சபைகளில் நடப்பதில் பெரும்பகுதி மனிதர் கூடுதலாகச் சேர்த்த விதி. கொலோசெயர் 2:21இன் 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' அந்த வகை. கொடுத்த சட்டம், சேர்த்த விதி இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். விதிச்சார்பு என்றால் தலையெழுத்தை நம்புவது ஆகிவிடும்.

கட்டளை தாங்கும். பத்துக் கட்டளை எல்லாருக்கும் தெரியும். கொலோசெயரில் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதல் மனிதர் வைத்த விதிகளையும் 'கட்டளைகள்' என்றே சொல்கிறது. மோசேயின் சட்டத்தை நியாயப்பிரமாணம் என்பதா திருச்சட்டம் என்பதா என்ற சீர்திருத்தச் சபை–கத்தோலிக்கப் பிணக்கும் இதில் கிடையாது. ஆகவே கட்டளைச்சார்பு.

எதிர்முனைக்கும் இப்போதே சொல் தேவை. 1537இல் தம் பழைய மாணவர் அக்ரிகோலாவுடன் மோதியபோது சீர்திருத்தத் தலைவர் லூத்தர் எதிர்த்தாரே, அந்த ஆன்டினோமியக் கருத்து: கிருபை வந்துவிட்டது, இனி எந்தக் கட்டளையும் கட்டுப்படுத்தாது என்பது. சட்டமறுப்பு என்று எழுதினால் 1930இன் உப்புச் சத்தியாக்கிரகம் வந்து நிற்கும். கட்டளைமறுப்பு தெளிவாக இருக்கிறது. கட்டளைச்சார்பைக் கண்டித்துப் பேசும்போது, ரோமர் 6:1இன் 'கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம்' என்ற முடிவுக்குக் கேட்பவர் தாவிவிடுவதுண்டு. இரண்டு சொல்லும் பக்கத்தில் இருந்தால் போதகர் அந்த இடத்திலேயே தடுக்கலாம்.

---

ஒப்புக்கொள்கிறேன். என் சட்டச்சார்பைத் திரும்பப் பெறுகிறேன். பதிவு இப்படிப் போகட்டும்:

கட்டளைச்சார்பு (பெயர்): கட்டளைகளைக் கைக்கொள்வதையே கடவுள்முன் ஏற்புக்கு ஆதாரமாக்குவது, மனித விதிகளை அதற்கு நிபந்தனையாக்குவதும் இதில் அடங்கும். அடை: கட்டளைச்சார்பான. ஆள்: கட்டளைச்சார்பாளர்.

ஒழுங்கோடு வாழ்பவரை இச்சொல்லால் வசைபாடக் கூடாது என்று ஒரு குறிப்பும் சேர்க்கலாம், அதுதான் அதிகம் நடக்கிறது. கோயில் கட்டளைதாரரோடு யாராவது குழப்பிக்கொள்வார்களா என்று மட்டும் சைவ நண்பர்கள் சொல்லுங்கள்.