ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஊர் மக்களின் ஆதார்: அழிப்பதா, வைத்திருப்பதா?

தாலுகா_எதிர்க்கடை:

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. முன்பு பென் டிரைவ் கொண்டுவருவார்கள். இப்போது சுவரில் கடை நம்பரை ஒட்டியிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், கம்ப்யூட்டரில் இறக்கி பிரிண்ட் கொடுக்கிறேன்.

இறக்கியது எல்லாம் அங்கேயே கிடக்கிறது. சம்பா பயிர்க் காப்பீட்டு நேரத்தில் சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் என்று ஒவ்வொரு குடும்பமும் முழு செட்டாக வந்து விழும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது, நகைக்கடன் ரசீது இருக்கிறது.

அழிக்கலாம் என்றால் ஜனங்கள் விடுவதில்லை. "தம்பி, போன வருஷம் அனுப்பினேனே, அதிலேயே எடு" என்பார்கள். இல்லை என்றால் முகம் மாறிவிடும். ஒரு பெரியவரிடம் போனே கிடையாது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் அனுப்பிய அவருடைய ஆதார் என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் ஊர் வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்து, அதையே பெருமையாகச் சொல்லி ஆள் பிடிக்கிறார்.

நான் சாப்பிடப் போகும்போது கடையில் ஒரு பையன் உட்காருவான். நல்ல பையன்தான். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று எனக்குத் தெரியாதே.

புதுச் சட்டத்தில் 250 கோடி அபராதம் என்கிறார்கள். ஒரு பக்கம் இரண்டு ரூபாய்க்கு எடுக்கிற கடைக்கும் அது பொருந்துமா? அதைவிட, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளாமல் இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கோர்ட்_வராண்டா:

சட்டத்தை மட்டும் சொல்கிறேன். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் வந்தது 2025 நவம்பரில்தான். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. சொந்த விஷயமாகவோ வீட்டு உபயோகத்துக்காகவோ வைத்திருந்தால் சட்டம் பொருந்தாது. கடை அதில் சேராது. சில வகை நிறுவனங்களுக்கு அரசு விலக்கு தரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் "சின்னக் கடை" என்பதாலேயே தானாக விலக்கு கிடைத்துவிடாது.

250 கோடி என்பது பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் விதிக்கக்கூடிய உச்சவரம்பு. தவறு எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வேண்டிய அடிப்படை எளிதானது: எதற்காக வாங்கினீர்களோ அந்த வேலை முடிந்ததும், சட்டம் வைத்திருக்கச் சொல்வது தவிர மற்றதை அழிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்தாயிற்று, வேலை முடிந்தது. ஒருவர் தானே "வைத்திரு" என்று கேட்டால் விஷயம் வேறு. அப்படிக் கேட்டவருடையதை மட்டும் தனியாக வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான். சரியாக விழாத ஜெராக்ஸ் தாள் பழைய பேப்பர் கடைக்குப் போய், பஜ்ஜி மடித்துக் கொடுக்கிற காகிதமாக வந்தால் இந்தச் சட்டத்துக்கு அதில் வேலையே இல்லை. எங்கள் கோர்ட் வாசல் டீக்கடையில் நானே பார்த்திருக்கிறேன். அதைக் கிழித்துப் போடுவது உங்கள் மனசாட்சி.

மன்னை_மலர்:

அண்ணா, ஃபோல்டரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பெண்களுக்கு முதல் பிரச்சினை நம்பர். வாட்ஸ்அப்பில் ஒரு ஹால் டிக்கெட்டை அனுப்பினால் நம்பர், பெயர், போட்டோ, பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒரே ஆளின் கைக்குப் போகிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன், ராத்திரி "சாப்ட்டீங்களா" என்று மெசேஜ். பிளாக் செய்தேன், கடையை மாற்றினேன். "எல்லோருக்கும் அழி" என்று கொடுத்தால் சாட்டில் மட்டும்தான் போகும், கம்ப்யூட்டரில் இறக்கிய காப்பி அப்படியே இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைக்கென்று தனி போன் வையுங்கள். அது கடையை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தப் பையன் கையிலும் வேண்டாம்.

சும்மா_ஒருத்தன்:

ஆதாரைக் கேட்காத இடமே இல்லை. லாட்ஜில் கொடுக்கிறோம், சிம் கடையில் கொடுக்கிறோம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே "ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள்" என்று அறிவித்து, ரெண்டே நாளில் அதை வாபஸ் வாங்கியது. அவர்களுக்கே இல்லாத கவலை இவருக்கு எதற்கு? என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

கோர்ட்_வராண்டா:

மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம், வங்கியில் பணம் இருக்குமே. ஹரியானாவிலும் மேற்கு வங்கத்திலும் நடந்தது இதுதான்: பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து, ஆதார் எண்ணையும் சேர்த்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கிற மெஷினில் வைத்துக் கணக்கைத் துடைத்தார்கள். ஓடிபி கிடையாது. ஜெராக்ஸ் கடைக்குப் பத்திரமும் வரும், ஆதாரும் வரும், பாஸ்புக்கும் வரும். ஆதார் ஆணையத்தின் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கிற பயோமெட்ரிக் லாக் இருக்கிறது, போட்டு வையுங்கள். அப்படியே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பாருங்கள்.

இ_சேவை_குமார்:

நானும் இதே தொழில்தான். என் கடையில் செய்திருப்பதைச் சொல்கிறேன்.

கடை வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானே மறைகிற டிஸ்அப்பியரிங் மெசேஜை 24 மணி நேரத்துக்கு வைத்துவிடுங்கள். இனிமேல் தொடங்கும் சாட்டுக்கெல்லாம் தானாகப் பொருந்தும். போனில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சாட் அழிந்தாலும் கேலரியில் படம் தங்கிவிடும். விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. அதை "தினமும்" ஓடும்படி வைத்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு "1 நாள்" என்று வைத்தால், ஒரு நாளுக்கு மேல் திறக்காத ஃபைலைத் தானே துடைத்துவிடும். பிடிவாதமாக நம்பர் தர மாட்டேன் என்பவர்களுக்கு யூஎஸ்பி கேபிள், அல்லது நம்பர் இல்லாமலே பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற க்விக் ஷேர்.

ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் என்பது எல்லாக் கடைக்காரனுக்கும் மனப்பாடம். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் நல்லதுதான், ஆனால் உங்கள் எதிர் ஆபீசிலேயே "இது செல்லாது, முழுசா எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்கள். வாடிக்கையாளர் திட்டுவது நம்மைத்தான்.

இன்னொன்று. உங்கள் மெஷின் ரீகண்டிஷனா? பெரிய டிஜிட்டல் மெஷின் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. எடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கலாம். விற்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை.

தாலுகா_எதிர்க்கடை:

எல்லோருக்கும் நன்றி. மலர் தங்கச்சி சொன்னபடி பழைய போன் ஒன்றைக் கடைக்கென்றே வைத்து, மேஜையோடு சங்கிலி போடப் போகிறேன். ஸ்டோரேஜ் சென்ஸை இப்போதே போட்டுவிட்டேன். "அனுப்பிய ஃபைல் மறுநாள் கடையில் இருக்காது" என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து நம்பருக்குக் கீழேயே ஒட்டியாயிற்று. முதல் ஆளே "ஏன், உன் கம்ப்யூட்டர்ல எடம் இல்லையா?" என்று கேட்டார்.

பெரியவருக்கு ஐந்து காப்பி சேர்த்து எடுத்து, கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் கடைக்குக் கொஞ்சம் பேர் போகத்தான் போவார்கள், போகட்டும்.

குமார் அண்ணா, மெஷின் ரீகண்டிஷன்தான். ஹார்ட் டிஸ்க் விஷயம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மெக்கானிக் திங்கட்கிழமை டிரம் மாற்ற வருகிறார். அவரிடம் என்னவென்று கேட்க வேண்டும், அழிக்கச் சொல்வதா, கழற்றச் சொல்வதா?

இ_சேவை_குமார்:

கழற்றினால் சில மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. மாடல் நம்பரை இங்கே போடுங்கள், மெனுவில் அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.