புதுப்பிப்பு: பழைய கார் ஜன்னலுக்குக் கையால் செய்த பீடிங், ஒழுகல் நின்றது

என் பழைய காரில் வெளிப்பக்கம் திறக்கும் பின் ஜன்னலுக்குப் பீடிங் (தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் ஓர ரப்பர் பட்டை) கிடைக்காமல், எதை வைத்துச் செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது களிமண் யோசனைதான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் உருண்டையைச் சட்டத்தில் வைத்து ஜன்னலை மூடித் திறந்தால், நசுங்கிய கனமே இடைவெளி. மேலே 6 மி.மீ., கீழே 7. அதற்கு 10 மி.மீ. கனமுள்ள இபிடிஎம் (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) ஸ்பான்ஜ் பட்டை; சுமார் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, சட்டம், பட்டை இரண்டிலும் கான்டாக்ட் பசை. விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தினேன். மூலையில் 45 டிகிரி வெட்டு, சூப்பர் குளூ ஒரு சொட்டு.

எதிர்பாராதது: முதல் பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டியதால் இரண்டே நாளில் சுருங்கி, மூலை 4 மி.மீ. வாய் பிளந்தது. இரண்டாவதை 5 மி.மீ. கூடுதலாக வெட்டித் திணித்தேன். வினிகர் வாடை வரும் சிலிகோன் பசை வேண்டவே வேண்டாம், தகரம் துருப்பிடிக்கும்.